படக்கதையும் கருப்பொருளும்: பழவேற்காட்டு நெய்தல் நிலத்திலிருந்து சில நூற்கருத்துகள்

முன்னுரை

படக்கதை என்ற சொல்லைக் கேட்ட அளவில் முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் பலர். யானும் நெடுங்காலம் அவருள் ஒருவனாகவே இருந்தேன். சில ஆண்டுகட்கு முன், பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து வந்து முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், திட்டக்கட்டுரைக்குத் 'தமிழிற் படக்கதைகள்' என்னும் பொருளைத் தம் விருப்பமாக எழுதித் தந்தார். அஃது இலக்கியம் ஆகாது என்று கூறி, நெய்தற் பாடல்களில் உள்ளுறை பற்றி எழுதுமாறு யானே மாற்றிக் கொடுத்தேன். அவரும் மறுமொழி கூறாது எழுதி முடித்துத் தேர்ச்சியும் பெற்றார்.

அண்மையில் மீனவர் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டு அப்பகுதிக்குச் சென்றபோது, அம்மாணவர் இல்லத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. அவர் பெட்டியில் இருந்த படக்கதை நூல்களை அவ்விரண்டு இரவிலும் படித்தேன். ஊர் திரும்பிய பின் வேறு சிலவற்றையும் தேடிப் படித்தேன். அன்று யான் கூறியது நூலைப் படியாமலே கூறிய தீர்ப்பு என்பதை ஈண்டு ஒப்புக்கொள்கின்றேன். படித்த நூல்கள் சிலவற்றைப் பற்றிய கருத்துகளைச் சுருங்கக் கூறுவதும், அவற்றை அளந்தறியத் தமிழிலக்கணத்திலேயே அளவுகோல் உண்டு என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பெயரும் வரலாறும்

ஓவியங்களைக் கட்டங்களாக நிரல்படுத்தி, மாந்தர் கூற்றைக் குமிழ்களுக்குள் எழுதி, கதையை நடத்திச் செல்லும் நூல் படக்கதை எனப்படும். சித்திரக்கதை என்றும், மக்கள் வழக்கில் காமிக்ஸ் என்றும் இதனை வழங்குவர். ஒரு வாழ்க்கையையோ வரலாற்றையோ முழுமையாக எடுத்து, முதிர்ந்த வாசகரை நோக்கி விரித்துரைக்கும் பெருநூலைக் கிராஃபிக் நாவல் என்பர். 1978இல் அமெரிக்கரான வில் ஐஸ்னர் வெளியிட்ட நூலொன்றால் அப்பெயர் பரவியது. 1992இல் ஆர்ட் ஸ்பீகல்மன் என்பாரின் 'மவுஸ்' என்னும் படக்கதைக்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்ட பின்னர், மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இவ்வகை நூல்களைப் பாடமாகவும் ஏற்கத் தலைப்பட்டன.

தமிழில் இத்துறைக்குத் தலைநிலமாக விளங்குவது சிவகாசி. அங்கு 1972இல் முத்து காமிக்ஸ் தோன்றிற்று. 'இரும்புக்கை மாயாவி' அதன் முதல் வெளியீடு. 1984இல் லயன் காமிக்ஸும், அவ்வாண்டிலேயே சென்னையிலிருந்து ராணி காமிக்ஸும் வெளிவரலாயின. இவற்றின் பெரும்பகுதி மொழிபெயர்ப்பே. இரும்புக்கை மாயாவி 1962இல் இங்கிலாந்து இதழொன்றில் பிறந்தவன். குதிரைவீரன் டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவன். 'இரத்தப் படலம்' பெல்சியத்தில் எழுந்த கதை. தமிழிலேயே தோன்றிய படக்கதைகளும் இல்லாமல் இல்லை. 'பூந்தளிர்' இதழின் ஆசிரியராக விளங்கிய வாண்டுமாமா (1925-2014) எழுதிய படக்கதைகள் அவ்வகையிற் போற்றத்தக்கன. எனினும் அவை சிறுவர்க்கென எழுந்தவை, தொகையாலும் குறைந்தவை.

படத்தைப் படித்தல்: பழஞ்சான்றுகள்

படமும் சொல்லும் கூடிக் கதை கூறுதல் மேலைநாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று எண்ணுதல் பொருந்தாது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டில், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்திற்கு வருவோர் ஓவியங்களைச் சுட்டி, இஃது யாது, இவர் யாவர் என வினவுகின்றனர். உடன் வந்தோர், இவள் இரதி, இவன் காமன், இவன் பூனை வடிவெடுத்த இந்திரன், இவள் கல்லான அகலிகை என விடை பகர்கின்றனர். ஈண்டு ஓவியம் தனித்து நிற்கவில்லை; கதையறிந்தார் கூற்று அதனோடு இயைந்து நிற்கின்றது. நெடுநல்வாடையில் தலைவி, மேற்கட்டியில் எழுதப்பெற்ற திங்களும் உரோகிணியும் பிரியாதிருத்தலை நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். முன்னதில் படம் கதையை நினைவூட்டுகின்றது. பின்னதில் படம் காண்பார் உள்ளத்துத் துயரைக் கிளர்த்துகின்றது. படக்கதை செய்யும் இருபெருஞ் செயல்களும் இவையே அல்லவா?

பழவேற்காட்டுக்கு இன்னும் அணித்தாக ஒரு சான்று உளது. இவ்வேரியின் வடபுறத்து ஆறுகளுள் ஒன்றாகிய பொன்முகலி, திருக்காளத்தி வழியாக வருவது. அத்திருக்காளத்தியில், துணிமேல் எழுதுகோல் கொண்டு தொன்மக் கதைகளைக் கட்டங்கட்டமாகத் தீட்டி, கட்டந்தோறும் தெலுங்கெழுத்தில் விளக்கம் எழுதும் கலங்காரி மரபு இன்றும் வாழ்கின்றது. ஆதலின் படக்கதை இந்நிலத்திற்கு அயலது என்னும் கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது.

அளவுகோல் இரண்டு

படக்கதையை மதிப்பிடத் தொல்காப்பியம் இரண்டு கருவிகளை நல்குகின்றது. ஒன்று அகத்திணையியல் கூறும் முதல், கரு, உரி என்னும் முப்பொருட் பாகுபாடு. மற்றொன்று செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் ஒன்றாகிய எச்சம்.

புதினம் எழுதுவோன் நிலத்தைக் கூறாமலும் கதையை நடத்தலாம். படக்கதை எழுதுவோனுக்கு அவ்வுரிமை இல்லை. ஒருவன் நிற்கின்றான் எனின், அவன் எங்கு நிற்கின்றான் என்பதையும் வரைந்தே ஆதல் வேண்டும். எனவே நிலமும் பொழுதும், மரமும் புள்ளும், தொழிலும் கருவியும் ஒவ்வொரு கட்டத்தும் கேளாமலே வந்து நிற்கும். அவை கதையோடு ஒட்டாது பின்னே தொங்கும் திரைச்சீலையாக நிற்கின்றனவா, அன்றி உரிப்பொருளைத் தாங்கும் கருப்பொருளாக நின்று வினைபுரிகின்றனவா என்பதே முதல் வினா. முதல், கரு, உரி மூன்றனுள் ஒன்றினொன்று சிறந்தது என்னும் இலக்கண நெறியையும் ஈண்டு மறத்தலாகாது. நிலத்தை எத்துணை நுட்பமாக வரையினும், அதன்கண் வாழ்வார் உணர்வு அதனோடு பிணையாவிடின் பயனில்லை.

இனி, எச்சமாவது கூறியவற்றால் கூறாததைக் கேட்போன் நிரப்பிக்கொள்ளுமாறு அமைத்தல். படக்கதையில் ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையே வெற்றிடம் ஒன்று உளது. ஓங்கிய கை ஒரு கட்டத்திலும், வீழ்ந்த உடல் மற்றொரு கட்டத்திலும் இருப்பின், அடித்த அடியை வரைந்தவர் ஓவியர் அல்லர்; அதனை நிகழ்த்தியவர் வாசகரே. 1993இல் ஸ்காட் மெக்கிளவுட் என்னும் அமெரிக்கப் படக்கதை ஆசிரியர், இவ்விடைவெளியே இக்கலையின் உயிர் என்று விரித்துரைத்தார். சொல்லெச்சமும் குறிப்பெச்சமும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இக்கருத்து வியப்பூட்டாது.

நூல்கள் பற்றிய கருத்துகள்

1. சிவகாசி வெளியீடுகள். இரும்புக்கை மாயாவியையும் டெக்ஸ் வில்லரையும் ஒருங்கே படித்தேன். மொழிபெயர்ப்பு விரைவுடையது, பேச்சு வழக்கை அஞ்சாது கையாள்வது. கட்டத்திற்குக் கட்டம் ஆவலைத் தூண்டும் எச்சம் இவற்றில் நன்கு அமைந்துளது. டெக்ஸ் கதைகளில் பாலை நிலம் வெறுந்திரையன்று. நீரின்மையும் நெடுவழியும் ஆறலைப்பாரும் கதையை நடத்துகின்றன. ஆயின் அது மெக்சிகோ எல்லையின் பாலை. குப்பத்தில் யான் கண்ட நடுவயது மீனவர் ஒருவர், சிறுவனாய் இருந்தபோது படித்த இக்கதைகளின் துப்பாக்கி வகைகளையும் குதிரை வகைகளையும் தடையின்றிக் கூறினார். அவ்வூரில் குதிரை வைத்திருப்பார் எவரும் இலர். இதனைக் குறையாகக் கூறவில்லை. எழுத்தறிவைச் சுவையறிவாக அவர்க்கு மாற்றிக் கொடுத்தவை இந்நூல்களே. தம் நிலத்தை அவ்வாறு வரைந்து காட்டிய நூல் ஒன்றையும் அவர் கண்டதில்லை என்பதே எண்ணத்தக்கது.

2. ஈரான். மர்ஜானே சத்ரபி பிரெஞ்சு மொழியில் 2000 முதல் 2003 வரை வெளியிட்ட 'பெர்செபொலிஸ்', விடியல் பதிப்பகத்தின் வழியே 'ஈரான்' என்னும் பெயரால் தமிழில் வந்துளது. கறுப்பும் வெள்ளையுமே வண்ணம். நிலம் இதில் மிகக் குறைவு, முகமே மிகுதி. மெய்ப்பாட்டியல் பயில்வார்க்கு இது நல்ல துணைநூல். இரண்டு கோட்டில் அச்சத்தையும் ஒரு கோட்டில் இளிவரலையும் காட்டும் திறம் வியத்தற்குரியது.

3. நதியின் கதை. ஒரிஜித் சென் ஆங்கிலத்தில் 1994இல் வெளியிட்ட இந்நூலை இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல் என்பர். நெடுநாள் கிடைத்தற்கு அரிதாயிருந்த இதனைச் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2022இல் மீண்டும் வெளியிட்டது. நருமதை அணைக்கெதிரான பழங்குடியினர் போராட்டமே பொருள். செய்தியாளன் ஒருவனின் பயணமும், மல்கு காயன் என்னும் பாடகன் பாடும் தோற்றக் கதையும் இரு கிளைகளாக ஓடுகின்றன. குறிஞ்சி நிலத்தின் கருப்பொருள்கள் பாடகன் கிளையில் உயிரோடு நிற்கின்றன. செய்தியாளன் கிளையில் அவ்வுயிர் சற்றுக் குறைந்து, சில இடங்களிற் கட்டுரைபோல் ஆகிவிடுகின்றது. அணையால் நீங்குவது வீடு மட்டுமன்று, ஆற்றைப் பற்றிய பாட்டும் நீங்குகின்றது என்னும் கருத்தைப் படத்தாலேயே உணர்த்தியமை இந்நூலின் வெற்றி.

4. பீமாயணம். அம்பேத்கர் தம் வாழ்வில் நேர்ந்த தீண்டாமைத் துன்பங்களை எழுதிய குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு 2011இல் நவயானா பதிப்பகம் வெளியிட்டது, தமிழிலும் வந்துளது. வரைந்தவர் கோண்டு மரபினராகிய துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இணையர். மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைத்தற்கு இவர்கள் உடன்படவில்லை. தம் மரபுக் கோலங்களையே பக்கத்தைப் பகுக்கும் வரம்பாக்கினர். இன்சொல் பறவை வடிவக் குமிழிலும், வன்சொல் தேட்கொடுக்குடைய குமிழிலும் எழுதப்பெற்றுள. ஓடும் தொடர்வண்டி பாம்பாகின்றது. கருப்பொருளே உவமமாகி, உவமமே உள்ளுறையாகும் இம்முறை சங்க இலக்கியம் பயின்றார்க்கு மிக அணுக்கமானது. யான் படித்தவற்றுள் தமிழ்ப் பாடத்திட்டத்தில் முதற்கண் வைக்கத்தக்கது இதுவே.

5. சுனாமி. வங்கத்துப் பட்டுவா ஓவியராகிய ஜாய்தேவ், மொய்னா சித்திரகர் இணையர் படைத்து, சென்னைத் தாரா பதிப்பகம் 2009இல் வெளியிட்ட நூல். பட்டுவாக்கள் படச்சுருளை விரித்து, விரலாற் சுட்டிப் பாடிச் செல்லும் மரபினர். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பற்றி அவர்கள் பாடிய பாட்டே இதன் பொருள். ஏடு திருப்பும் நூலாக அன்றிச் சுருள்போல் விரியும் நூலாக இஃது அமைந்துளது. கட்டங்களுக்கிடையே ஏடு முறியாமையால் துயரும் முறியாது நீள்கின்றது. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல், வங்கப் பாடகர் வாயிலாக நம் கடற்கரைக்கு வந்தமை நோக்கத்தக்கது.

6. வன்னி. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்து, ஆங்கிலத்தில் 2019இல் வெளிவந்த பெருநூல். டிக்ஸ் ஐக்கிய நாடுகள் அவையின் பணியாளராய் வன்னியில் இருந்து, 2008இல் அவ்வமைப்பு கிளிநொச்சியை விட்டு நீங்கியபோது உடன் நீங்கியவர். பின்னர்ப் பலரைக் கண்டு தொகுத்த வாய்மொழிகளைக் கொண்டு, புனைந்துரைத்த ஒரு மீனவக் குடும்பத்தின் கதையாக இதனை ஆக்கினார். அக்குடும்பம் முதலில் ஆழிப்பேரலைக்கும், பின்னர்ப் போருக்கும் ஆளாகி, ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, 2009இல் மீண்டும் ஒரு கடற்கரையிலேயே சிக்குண்டு சிதைகின்றது. கடலைத் தொழிலிடமாகக் கொண்டு தொடங்கிய கதை, தப்பிச் செல்ல வழியற்ற எல்லையாகக் கடலைக் காட்டி முடிவதை நோக்குக. முதற்பொருள் ஒன்றே, உரிப்பொருள் மாறிவிடுகின்றது. இதனினும் அழுத்தமாக நெய்தலை இக்காலத்திற் கூறிய படக்கதை எதனையும் யான் கண்டிலேன். தமிழர் துயரை ஆங்கிலத்திற் படிக்கும் நிலை நமக்கு நேர்ந்ததே என்னும் வருத்தமும் உடன் எழுகின்றது.

குப்பத்து முதியவர் ஒருவர் இந்நூலை ஆங்கிலம் அறியாமலே படங்களைக் கொண்டு முற்றும் புரட்டினார். முடிவில் அவர் கூறியது: "கடலை வுட்டு ஓடுறவன் மொதல்ல படகத்தான் திரும்பிப் பாப்பான், சார். அது தெரிஞ்சவன்தான் எங்க கதைய எழுதணும்." கருவும் உரியும் பிணைதல் பற்றி யான் வகுப்பறையிற் பல மணி நேரம் கூறுவதை அவர் ஒரு தொடரிற் கூறிவிட்டார்.

வரையப்படாத நெய்தல்

பழவேற்காடு படக்கதைக்குரிய பொருளில் வறுமையுற்ற ஊர் அன்று. ஒரிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. கடலுக்கும் ஏரிக்கும் இடையே அரணாகத் திருவரிக்கோட்டைத் தீவு கிடக்கின்றது. ஒல்லாந்தர் 1613இல் இங்குக் கெல்திரியா கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரையில் தம் தலைமையிடமாக்கினர்; அவர்தம் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பெற்று நிற்கின்றன. பூநாரைகள் பருவந்தோறும் வருகின்றன. தீவிலிருந்து ஏவப்பெறும் ஏவூர்தியின் தீச்சுவடு, வலைவீசுவார் தலைக்குமேல் வானிற் செல்கின்றது. கதை எழுதுவார்க்கு இவை போதாவோ?

ஆயினும் இவையெல்லாம் காட்சிப் பொருள்களே. இந்நிலத்தின் உயிராக உள்ள கருப்பொருள் 'பாடு' என்னும் முறை. ஏரியில் இறாலும் மீனும் மிகுதியாகப் படும் இடங்களை ஒருவரே பற்றிக்கொள்ளாதவாறு, கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களின் பட்டினவர், சீட்டெடுத்து முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது. இன்று ஓரிடத்தில் வலை கட்டுவோர் நாளை மற்றவர்க்கு இடம்விட்டு விலகுவர். பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்னும் பொருள்களும் உள. மீன்பாடு எனின் கிடைத்த மீன். உழைப்பும் துன்பமும் ஊதியமும் ஒரு சொல்லில் அடங்கிய நிலை வேறெங்கு உளது?

இம்முறை இன்று இடர்ப்படுகின்றது. முகத்துவாரம் மணலால் தூர்தலும், ஏரி ஆழங்குறைதலும், ஒரே நீர்ப்பரப்பை நாடுவோர் பெருகுதலும், இளைஞர் ஆலைக்கும் நகருக்கும் பெயர்தலும் அதற்குக் காரணங்கள். பாட்டை அறிந்தோர் அதனை எழுதி வைத்திலர். கண்டும் கைப்பட்டும் கற்றனர். கையின் வினையாக நிற்கும் அறிவைச் சொல்லால் மட்டும் எழுதிவைத்தல் அரிது. வலை கட்டும் கழியை ஊன்றும் கோணத்தை ஒரு பக்கம் எழுதினாலும் விளங்காது. ஒரு கட்டம் வரைந்தால் விளங்கும். ஆதலின் படக்கதை இம்மக்கட்கு வெறும் பொழுதுபோக்கன்று, ஆவணமுமாகும்.

இதனை எனக்கு விளக்கியவர் அம்மாணவரே. விடைபெறும் காலையில், தாம் வரைந்த ஆறு கட்டங்களைக் கொண்ட தாளொன்றைக் காட்டினார். சீட்டெடுத்தல், தன் முறை கேட்டல், வலை ஏற்றுதல், படகு செலுத்துதல் என நான்கு கட்டங்கள். ஐந்தாவதில் நீர்ப்பரப்பு மட்டுமே இருந்தது, படகில்லை, ஆளில்லை. ஆறாவதில் மீண்டும் சீட்டு. ஐந்தாவது யாது என வினவினேன். "முறை வராத நாளுங்க, ஐயா. அன்னைக்கு அந்த எடத்துல எங்க படகு நிக்காது. அடுத்தவங்க பாடு" என்றார். பிறர் பாடு நிகழும் நீரில் தம் படகு இன்மையை வரைந்து, விட்டுக்கொடுத்தல் என்னும் ஊர் அறத்தை அவர் எச்சமாக நிறுத்தியிருந்தார். உள்ளுறை பற்றி அவர் எழுதிய திட்டக்கட்டுரையில் இத்துணை ஆழம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அக்குறை அவருடையதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் புலப்படும். படமும் சொல்லும் கூடிக் கதைகூறும் நெறி தமிழ் மரபிற்குப் புறம்பானதன்று. அதனை ஆராய, கருப்பொருள், எச்சம், மெய்ப்பாடு முதலாய நம் இலக்கணக் கோட்பாடுகளே தக்க கருவிகளாகும். இக்கருவிகளால் அளந்து பார்க்குமிடத்து, தமிழிற் படக்கதை வாசகர் உளர், மொழிபெயர்ப்பு உளது, ஆயின் நம் ஐந்நிலத்தைக் கருவும் உரியுமாக வரைந்த பெருநூல் மிக அரிது.

அக்குறையை நிறைவு செய்தல் ஓவியர், எழுத்தாளர் கடன். அதற்கு இடந்தருதல் தமிழ்த்துறைகளின் கடன். நெய்தல் நிலத்திலிருந்து வரும் மாணவரை நெய்தற் பாடல்களை மட்டும் படிக்கச் செய்து, அவர் கண்ட நெய்தலை வெளியே நிறுத்துதல் முறையன்று. அன்று யான் மறுத்த தலைப்பை, இனி எம்மிடம் வரும் மாணவர்க்கு மறுக்கப் போவதில்லை. பாட்டில் தன் முறை முடிந்தவன் பிறர்க்கு இடம்விட்டு விலகுவான். நெடுங்காலம் தாமே நிலைபெற்ற ஆராய்ச்சித் தலைப்புகளும் அவ்வாறு சற்று விலகி இடங்கொடுத்தல் தகும் என்பது என் துணிபு.